ஆளுக்கொரு கொப்பு

கொப்புகள் வாடவே இல்லை. லெட்சுமணனின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

மலையின் பாதி உயரத்தில், மனுஷத் தடமே இல்லாத புதருக்குள், ஆள் நீளத்துக்கு ஓர் இலைக் குவியல் கிடந்தது. ஒவ்வொன்றாக ஒடித்துப் போட்ட பச்சைக் கொப்புகள். மேலே கிடந்ததில் ஒடித்த இடத்தில் இன்னும் பால் கசிந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தான். பாலை மரத்துக் கொப்பு. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு வரும் வடக்குப் பாதையின் காய்ந்த காட்டில் நெடுகப் பார்த்த மரம் அது. இந்தக் குளிர்மலையில் அப்படி ஒரு மரம் நின்று அவன் கண்டதில்லை.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்து நெல்லியில் ஒரு கொப்பை ஒடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு குவியலின்மேல் போட்டான். பின்னால் வந்த அவன் மனைவி அங்கம்மாவும் ஒன்று ஒடித்துப் போட்டாள். கோப்பித் தோட்டத்துக்கென்று இந்தியாவிலிருந்து கூட்டங் கூட்டமாக நடந்து வந்த எல்லோருக்கும் இருந்த பழக்கம் இது. வழியில் செத்தவனைப் புதைக்க மண்வெட்டியும் கிடையாது, நேரமும் கிடையாது. ஆளுக்கொரு பச்சைக் கொப்பை மேலே போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டியதுதான். அப்புறம் அந்த வழியாக வருகிற எவனும் குவியலைக் கண்டால் ஒன்று போடுவான். போடாமல் போனால் செத்தவன் கூடவே வருவான் என்று பேச்சு.

"இங்க வந்து யாரு மாமா செத்தது?" என்று கேட்டாள் அங்கம்மா. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"வேட்டைக்கு வந்த சிங்கள ஆளா இருக்கும். நீ நட புள்ள."

வேட்டைக்கு வந்தவனுக்கு வடக்குப் பாதையின் பாலைக் கொப்பை யார் கொண்டுவந்து போட்டது என்று அவள் கேட்கவில்லை. நல்லவேளை என்று நினைத்தான்.

அவளுக்குக் காய்ச்சல் வந்து இன்றோடு எட்டு நாள். "ரெண்டு நாள் பாப்பம், கசாயம் குடு" என்று, இவர்களை ஊரிலிருந்து கூட்டிவந்து வேலை வாங்கும் பழனியாண்டி கங்காணி ஏழு நாளும் இதையே சொல்லிக்கொண்டிருந்தான். கோப்பிப் பழம் பறிக்கிற சமயம், ஒரு ஆளைக்கூட விடமாட்டான். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஹுன்னஸ்கிரிய றோட்டில் இறங்கினால் அவனுடைய ஆட்கள் பிடித்து இழுத்துவந்துவிடுவார்கள். கண்டியில், மஹய்யாவவில், அங்கம்மாவின் அக்காள் வடிவம்மா இருந்தாள். அக்காள் புருஷனுக்கு ஆஸ்பத்திரியில் கூட்டுகிற வேலை. அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும், இவள் பிழைத்துக்கொள்வாள் என்று லெட்சுமணன் உறுதியாக நம்பினான். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை, பேர் கூப்பிட மாட்டார்கள். திங்கட்கிழமை காலைவரை யாரும் தேடப்போவதில்லை. எனவே வெளிச்சம் வந்ததும் மலை ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

வழி சொன்னது, கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குச் சீலை மூட்டை கொண்டுவந்து விற்கும் அக்குறணை நானா. "உச்சிய இடது தோள்ல வெச்சுக்கிட்டு ஏறுங்க, மேல ஒரு இடுக்கு இரிக்கி, அதத் தாண்டினா ஓடை, ஓடையோட எறங்கினா அந்தப் பக்கத்துக் கண்டி றோட்டு" என்று நேற்றுப் போய்வந்தவர் மாதிரி சொல்லியிருந்தார். தாம் அந்தப் பக்கமே போனதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

குவியலுக்கு மேலே புதர் மாறியது. தலைக்கு மேல் வளர்ந்த மானாப்புல்லும், அதற்கிடையில் கைகோத்து நிற்கும் உண்ணி முள்ளும், காலை வைத்தால் உருளும் சரளைக் கற்களும். கத்தியால் வெட்டி வழி செய்துகொண்டு அவன் முன்னால் போக, அவன் இடுப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். கசங்கிய உண்ணி இலையின் காட்டமான வாசனையும், அவள் போர்த்தியிருந்த கறுப்புக் கம்பளியிலிருந்து வந்த காய்ச்சல் வேர்வையின் வாடையும், வெயில் ஏற ஏறப் புல்லுக்குள்ளிருந்து கிளம்பிய புழுக்கமும் சேர்ந்து மூச்சை அடைத்தன. நாலு அடி வைப்பதும் நிற்பதுமாக ஏறினார்கள். ஒருமுறை அவள் தண்ணீர் கேட்டபோது திரும்பிப் பார்த்தான். தான் வெட்டிவந்த வழி எங்கே என்று தெரியவில்லை. புல் நேராக நிமிர்ந்து நின்றது. முள் பின்னிக்கொண்டு கிடந்தது.

அட்டைகளையும் காணோம். காலையில் கணுக்காலெல்லாம் ஏறிய அட்டை, குவியலைத் தாண்டிய பிறகு ஒன்றுகூட இல்லை. குருவிச் சத்தமும் நின்றுபோயிருந்தது.

வேறொரு சத்தம் இருந்தது. கீழே, எங்கேயோ, நடை. வெறுங்கால்கள் காய்ந்த மண்ணைத் தேய்க்கிற சத்தம். ஒன்றிரண்டு கால் இல்லை. கங்காணியின் ஆட்களா என்று முதலில் நினைத்தான். பிடிக்க வருகிறவன் இப்படி நடக்க மாட்டான், ஓடுவான், கத்துவான். இது அவசரமே இல்லாத நடை. பல நாள் நடந்து, இன்னும் பல நாள் நடக்கப்போகிறவர்களின் நடை. இவர்கள் நின்றபோது அது நிற்கவில்லை. கிட்டவும் வரவில்லை. அந்த நடையை அவனுக்குத் தெரியும். அதில் அவனும் ஒருத்தனாக இருபது நாள் நடந்திருக்கிறான்.

"மாமா," என்றாள் அங்கம்மா. "எங்க அண்ணனுக்குக் கொப்பு போட்டப்ப நீங்க கூட இருந்தீங்கல்ல?"

"இருந்தேன்."

"செத்துத்தானே கெடந்தான்?"

"ஆமா புள்ள. என்னத்துக்கு இப்ப அது."

அவளிடம் முதல்முறை ஆமா என்று சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. அங்கம்மாவின் அண்ணன் அழகமுத்து, வடக்குப் பாதையில் வாந்திபேதி கண்டு மரத்தடியில் விழுந்தான். பெண்களை முன்னால் அனுப்பிவிட்டு, "முடிஞ்சு போச்சு, ஆளுக்கொரு கொப்பு போட்டுட்டு நடங்க" என்றான் கங்காணி. கடைசியாகப் போட்டவன் லெட்சுமணன். போட்ட கொப்பு மெல்ல மேலே எழும்பித் தாழ்ந்தது. மறுபடி எழும்பித் தாழ்ந்தது. காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. வாயைத் திறந்தால் "அப்ப நீ இருந்து பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டம் போய்விடும். கரடிக் காட்டில் தனியாக இருக்க அவனுக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். அதை ஒருத்தரிடமும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை.

உச்சிவெயில் நேரத்தில் இடுக்குக்கு வந்துசேர்ந்தார்கள். இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஓர் ஆள் நுழைகிற அளவு சந்து. அதைத் தாண்டினால் ஓடை தெரியும், பள்ளத்தாக்கு தெரியும் என்று நம்பித்தான் இவ்வளவு தூரம் ஏறினான். தாண்டினான். மூன்று பக்கமும் செங்குத்தான பாறை. நடுவில் ஒரு களம் அளவுக்குச் சமதரை. ஓடை இல்லை. இறங்க வழி இல்லை. உள்ளே வர அந்த ஒரு சந்து மட்டும்தான்.

சமதரையின் நடுவில் பச்சைக் கொப்புகள் பரப்பிக் கிடந்தன. குவியல் இல்லை. படுக்கை. ஓர் ஆள் நீளம், ஓர் ஆள் அகலம். வெறுமையாக இருந்தது.

"வா புள்ள, திரும்பிப் போவோம்," என்றான்.

அவன் இடுப்புத் துண்டை அவள் விட்டுவிட்டாள். அவன் பிடிப்பதற்குள் நாலு எட்டு போய், லயத்தில் பாயில் படுக்கிற மாதிரி, அந்த இலையில் சரிந்து படுத்துவிட்டாள்.

"கொஞ்சம் கண்ணசந்துட்டு வாறேன் மாமா. மெத்துனு இருக்கு."

"அங்க படுக்காத. எந்திரி."

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். காய்ச்சலில் வற்றிப்போன உடம்பு, ஒரு கூடைக் கோப்பிப் பழத்தின் கனம்கூட இருக்காது. அன்று காலையில் ஒரு வாய்க்காலைத் தாண்ட ஒற்றைக் கையால் தூக்கியிருக்கிறான். இப்போது அசையவில்லை. தோளைப் பிடித்து இழுத்தான், இடுப்பில் கை கொடுத்து நெம்பினான், கம்பளிதான் கிழிந்து வந்தது. தண்ணீர் கொடுத்தால் தெம்பு வரும் என்று, சந்தின் ஓரத்தில் வைத்திருந்த சுரைக்குடுக்கையை எடுக்கப் போனான். பத்து எட்டு. திரும்பினான்.

அவள் கால்மேல் மூன்று கொப்பு கிடந்தது.

களத்தில் யாரும் இல்லை. நடைச் சத்தம் மட்டும் இப்போது சந்துக்குள் இருந்தது. பாறையில் பட்டுப் பெரிதாகக் கேட்டது. சூடான, காய்ந்த புழுதியின் வாசனை வந்தது. மழைக்கும் பனிக்கும் ஊறிய இந்த மலையில் இல்லாத புழுதி.

ஓடிப்போய் மூன்றையும் எடுத்து வீசினான். அவள் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தான். "அங்கம்மா. கண்ணத் தொற."

ஒரு கொப்பு அவள் வயிற்றில் விழுந்தது.

நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. கண்ணில் பட்டது கால்கள். கணுக்காலுக்குக் கீழே செம்மண் அப்பிய, வெடித்த, வெறுங்கால்கள். வந்தன. நின்றன. கொப்பு விழுந்தது. தள்ளிப் போயின. அடுத்த இரண்டு கால் வந்தது. காப்புப் போட்ட பெண் கால். ஒரு விரல் இல்லாத கிழட்டுக் கால். எல்லாம் பாறையின் பக்கமாகப் போயின. அங்கே வழி இல்லை. ஆனாலும் போயின, திரும்பவில்லை.

"உசுரோட இருக்கா," என்றான். "போடாதீங்க. இவ உசுரோடதான் இருக்கா, பாருங்க."

ஒரு காலும் தயங்கவில்லை. வரிசையின் முன்னாலிருந்து, வெகு தூரத்திலிருந்து, களைத்துப்போன ஒரு குரல் வந்தது. "நிக்காதீங்க. போட்டுட்டு நடங்க."

அவன் எடுத்தான். அவர்கள் போட்டார்கள். எடுத்ததைப் பின்னால் வீசினான், வீசிய இடத்தில் சத்தமே கேட்கவில்லை. கத்தியை எடுத்துக் கால்களின்மேல் வீசினான். புழுதிதான் பறந்தது. கத்தி கையைவிட்டுப் போயிற்று. தேடவில்லை. தேடினால் அதற்குள் நாலு கொப்பு விழுந்துவிடும்.

ஒருமுறை மட்டும் சந்தின் வழியாக வெளியே பார்த்துவிட்டான். மலைச்சரிவு தெரிந்தது. காலையில் அவன் வெட்டி, மறுபடி மூடிக்கொண்ட வழி இப்போது நன்றாகத் திறந்து கிடந்தது. அதில் ஒற்றை வரிசையாக ஆட்கள். புதரைத் தாண்டி, கோப்பித் தோட்டத்தைத் தாண்டி, வடக்கே கண் பார்க்கிற தூரம் வரைக்கும். ஒவ்வொருவர் கையிலும் பச்சையாக ஒன்று.

சாவே எதிரில் வந்திருந்தால்கூட அவன் இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

கொப்புகள் அவள் காலை மூடிவிட்டன. விட்டுவிட்டான். இடுப்பு மூடியது. அதையும் விட்டான். நெஞ்சைப் பார்த்தான். இலைகள் மெல்ல எழும்பித் தாழ்ந்தன. முகத்தை மட்டும் விடக் கூடாது. மூச்சு விட வேண்டும். இரண்டு உள்ளங்கைகளையும் அவள் முகத்துக்குமேல் கூரையாகப் பிடித்தான். கொப்புகள் அவன் புறங்கையில் விழுந்து சரிந்தன. தட்டிவிட்டான். உடனே பிடித்தான். தட்டிவிட்டான். பிடித்தான்.

"மாமா," என்றாள் கண்ணைத் திறக்காமல். "வெளிச்சம் போயிருச்சா?"

"இல்ல புள்ள. நல்ல வெயில்."

"விட்டுட்டுப் போயிறாதீங்க."

"போகல. இங்கதான் இருக்கேன்."

இந்தத் தடவை அது பொய் இல்லை. உள்ளங்கையில் அவள் மூச்சு சுட்டது. அந்தச் சூடு இருக்கிற வரைக்கும் கையை எடுக்க மாட்டான். வெயில் சாய்ந்தது. தோள் மரத்துப்போயிற்று. கால்கள் வந்துகொண்டே இருந்தன.

பிறகு இரண்டு கால் வந்து அவளைத் தாண்டி நின்றது. அவன் முன்னால்.

அவன் முழங்காலில் ஒரு கொப்பு விழுந்தது.

"நானும் உசுரோடதான் இருக்கேன்," என்றான்.

அடுத்த கொப்பு மடியில் விழுந்தது. அடுத்தது தோளில். அதற்கடுத்தது கழுத்தோரம், பால் சொட்டச் சொட்ட. எடுத்துப் போட அவனுக்குக் கை மிச்சம் இல்லை.