நான்காம் நாற்காலியின் மூச்சு

காலை ஒன்பதரைக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் வருகைப்பதிவு எடுத்தார்கள், இறந்தவர்களுக்கு. அறுபத்திரண்டு வாத்தியக்காரர்களும் வந்திருந்தார்கள். இறந்தவர்கள் தாமதமாக வருவதில்லை, டீ கேட்பதில்லை. தயாரிப்பாளர்களுக்கு வேறென்ன வேண்டும்? நாற்காலிகளில் ஆள் கிடையாது. உயிரோடிருந்தபோது அவரவர் வாசித்த விதத்தை, தயக்கமும் அழுத்தமுமாக அப்படியே படியெடுத்து வைத்த ‘கைப்படி’கள்தாம் வாசித்தன.

இசையமைப்பாளர் தேவநேசன் நான்காம் நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. அங்கே வயலினைவிடச் சற்றே பெரிய வயோலாவை வாசித்தது அவர் மனைவி ஹெப்சிபாவின் கைப்படி. இறந்து ஐந்தாண்டு ஆனால் கைப்படியையும் மூலப்பதிவுகளையும் அழித்துவிட வேண்டும் என்பது சட்டம். முடிந்த படத்தில் இருப்பது மட்டுமே மிஞ்சும். இன்றோடு கெடு முடிகிறது.

படம் ஒரு மாயாஜாலக் கதை. ஆயிரம் ஆண்டு கல்லாகக் கிடந்த ராணி உயிர்பெறும் காட்சி. வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்தபின் வயோலா தனியே தொடங்கும்படி எழுதியிருந்தார். வில் படுமுன் மெல்லிய மூச்சிழுப்பு ஒன்று கேட்டது. தேவநேசன் அப்போதுதான் நான்காம் நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

அந்த மூச்சுக்காக அவளைப் பாடாய்ப் படுத்தியவர் அவர். “மூச்சு விழுது, இன்னொரு டேக்” என்று ஒரே நாளில் இருபது முறை வாசிக்க வைத்திருக்கிறார். “செத்தப்புறம் மூச்சு விடமாட்டேன், அப்போ சுத்தமா எடுத்துக்கோங்க” என்று ஒருமுறை சொன்னாள். அவளுடைய பழைய பதிவுகள் எதிலும் அந்த மூச்சு இல்லை. அவரே நீக்கியிருந்தார்.

இந்த மூச்சைத் தொடவே கூடாது என்று ஒலிப்பொறியாளர் முபீனாவிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அன்று மாலையே இசையைப் படத்தில் சேர்த்ததும் கைப்படியும் மூலப்பதிவும் அழிந்தன. படத்தில் இருக்கிறாளே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

படம் வெளியான நாள், முதல் காட்சி. கல் இமை அசைந்தது. வாத்தியங்கள் ஓய்ந்தன. தேவநேசன் கண்ணை மூடிக் காத்திருந்தார். வயோலா பளிங்காகத் தொடங்கியது, வெறும் வயோலா.

வெளியே முபீனாவை உலுக்காத குறை.

“நான் தொடல சார். எல்லாப் படமும் கடைசியில, இரைச்சலை நீக்குற ஒலித்துப்புரவி மெஷின் வழியாத்தான் போகுது. அதுவா எடுத்திருக்கு.”

“மூச்சு குப்பைன்னு அதுக்கு யாரு சொன்னது?”

முபீனா தயங்கினாள். “முப்பது வருஷமா டேக் டேக்கா நீங்க எழுதி வெச்ச குறிப்பை வெச்சுத்தான் சார் அதைப் பழக்கினாங்க.”

படம் பார்த்து வந்த ஒருவர் ஓடிவந்து அவர் கையைப் பற்றிக்கொண்டார். “அந்த வயோலா சார், ஒரு பிசிறு கிடையாது.”

பழக்கதோஷம், தேவநேசன் நன்றி சொன்னார்.