சட்டி ஸ்டேஷனுக்கு ஆள் வேண்டாம்

திரையில் இருந்த எண் பூஜ்யம். அப்துல் வாஹித் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பூஜ்யமேதான். புள்ளிக்குப் பின்னாலும் பூஜ்யம். கரடிப்புடவு மலை உச்சியில், கார்த்திகை மாதத்து மழைமூட்டத்தில், ஆளே இல்லாமல் பூட்டிக் கிடந்த நிலையத்தில் எந்த இயந்திரமும் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. இந்த மாதிரி நிலையங்களைச் சுற்றிச் சுற்றித்தான் அவருக்குத் தலை நரைத்தது. கொல்கத்தா, நாக்பூர், பெல்காம் என்று எங்கே போனாலும் எண் இப்படியும் அப்படியும் கொஞ்சம் ஆடிக்கொண்டுதான் இருக்கும். காற்றடித்தால் ஆடும், புல் வளர்ந்தால் ஆடும். இது ஆடவே இல்லை.

"நல்லதாப் போச்சு," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். பேட்டரி நெடியும் பூட்டிக் கிடந்த அறையின் புழுக்கமும் தலையை வலிக்க வைத்தன. உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதில் யாரும் உட்கார்ந்த அடையாளமே இல்லை. வாங்கி வந்த உறைகூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

வெளியே வட்டமான இரும்பு மேடை, அதைச் சுற்றிலும் கவிழ்த்து வைத்த சட்டிகள் மாதிரி வெள்ளை ஆன்டெனாக்கள். காமயகவுண்டன்பட்டிக்காரர்கள் அதற்குச் 'சட்டி ஸ்டேஷன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். மேலே போகும் விமானத்துக்கு, நீ எனக்கு எந்தத் திசையில் இருக்கிறாய் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது அதன் வேலை. சொல்வது சரிதானா என்று கேட்பதற்கு எதிரே புல்வெளியில் ஓர் இரும்புப் போஸ்ட் நட்டிருக்கும். எத்தனை டிகிரி தப்பு என்பதை அந்தப் போஸ்ட்தான் அறைக்குள் இருக்கும் திரைக்கு அனுப்பும். தப்பு கூடினால் அலாரம் அடிக்கும். அப்படியும் சரியாகவில்லை என்றால் நிலையம் தானே அணைந்துவிடும். போஸ்ட் பக்கம் ஒரு மாடு மேய வந்தாலே எண் நகர்ந்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இரண்டாயிரத்து மூன்றில், பழைய கருவிகளைத் தூக்கிப் போட்டு எல்லாவற்றையும் புதிதாக்கினார்கள். போன மாதம், இனிக் காவலுக்குக்கூட ஆள் வேண்டாம், மதுரையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். காலாகாலத்துக்கும் அப்படி ஓடுமா என்று பூட்டிப் போட்டுச் சோதித்தார்கள். சோதனை இன்றோடு முடிகிறது. சாயங்காலம் மதுரையில் கடைசியாக ஒருமுறை பார்த்து முடித்துவிட்டால், வாஹித் 'ஆள் வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கம்பத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகலாம். மதுரைக்கு மாற்றல் ஆர்டர் தயாராக இருந்தது. நடுவில் ஒருமுறை நிலையம் அணைந்தாலும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அது முடியும்வரைக்கும் இந்த மலையிலேயே அவர் கிடக்க வேண்டும். அதை நினைத்தாலே அவருக்கு அழுகை முட்டியது. போதும் சாமி என்றிருந்தது.

ஜன்னல் திண்டில் மட்டும்தான் செல்போனுக்கு சிக்னல் கிடைத்தது. குனிந்து நின்றபடியே மனைவியோடு பேசினார்.

"என்னங்க, சாப்டீகளா?"

"ஆச்சு. உனக்கு இடுப்பு வலி எப்படி இருக்கு சாபிரா?"

"கெடக்கு. இன்னைக்கு வந்துருவீகள்ல? இன்னும் மூணு மாசம் ஆகும்னு சொன்னீகன்னா ஊர் ஊராக் கொண்டுட்டு அலையிற அந்தப் பெட்டியத் தூக்கித் தெருவுல வீசிருவேன், ஆமா."

"வீசிரு. இனிமே பெட்டிக்கு வேலையே இல்லை. ராத்திரிச் சோறு வீட்டுலதான்."

"கறி எடுத்து வச்சிருக்கேன். இன்ஷா அல்லான்னு சொல்லுங்க."

"இன்ஷா அல்லா."

போனைத் திண்டிலேயே வைத்தார். மூட்டம் விலகும்போதெல்லாம் கீழே பள்ளத்தாக்கு தெரிந்தது. திராட்சைப் பந்தல்கள், தென்னை, அதற்கப்பால் கம்பம். பள்ளிவாசல் மினாராவை வைத்துத் தன் தெரு எது என்றுகூட அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. ஜன்னலுக்கு நேரே புல்வெளியில் அந்தப் போஸ்ட் நின்றது. காற்று அதில் மோதி, தொண்டை கட்டிய ஆள் எதையோ சொல்ல வருகிற மாதிரி ம்ம்ம் என்று முனகிக்கொண்டிருந்தது.

டிரைவர் வீரணன் பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தார். காமயகவுண்டன்பட்டிக்காரர். மண் சரிந்து பாதை அடைபட்டதால் ஜீப்பைக் கீழ் கேட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார். வந்தவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"இங்கன யாராச்சும் வந்து போறாகளா வீரணன்?"

"யாரு வருவாக சார்? சாவி எங்கிட்டத்தேன் கெடக்கு. பேச்சிமுத்து அண்ணன் போனதுக்கப்புறம் இன்னைக்குத்தேன் தொறக்கோம்."

பேச்சிமுத்து என்பது பழைய காவலாளியின் பெயர் என்று வாஹித்துக்குத் தெரியும். "போனாருன்னா? வேலையை விட்டுட்டாரா?"

"வேலைய விடவா? அந்தப் போஸ்டக் கட்டிப் புடிச்சபடியே செத்துப் போனாரு சார்."

வாஹித் டீயைக் கீழே வைத்தார். வீரணன் புல்வெளிப் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

"புதுசு மாட்டுனப்ப, சோதிச்சுப் பாக்குற பிளேன் ஒண்ணு மலையச் சுத்திச் சுத்தி வந்துச்சு. அன்னைக்குன்னு பாத்துக் கொடுங்காத்து. சிமெண்டு காயாம போஸ்டு ஆடுச்சு. கம்பெனி ஆளுக அண்ணனைப் புடிச்சுக்கிட்டு நிக்கச் சொன்னாக. பிளேன் போற வரைக்கும் நின்னாரு. அப்படியே மிசினைச் சரி பாத்து வச்சுட்டு அவுக போயிட்டாக. மறுநா அண்ணன் பக்கத்துல இல்லைன்னதும் அலாரம் அடிக்கு. போயிப் புடிச்சா நிக்கு."

எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம். குறுக்கே ஒரு மனுஷனை நிறுத்தி வைத்துக்கொண்டே கணக்கைச் சரிசெய்திருக்கிறார்கள். ஆளும் சேர்ந்ததுதான் கருவி. ஆள் விலகினால் அது தப்பாகத்தான் காட்டும்.

"மேல சொல்லலையா அவரு?"

"சொன்னாரு. சிரிச்சாக. அலாரம் அடிச்சா வேலை போயிரும்னாக. அப்புறம் மழையோ வெயிலோ அங்கனதேன் சார். நான் போயிச் சோறு ஊட்டி விட்டிருக்கேன். காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கும். 'ஏலே வீரணா, செத்த நேரம் உக்காரணும்டா'ம்பாரு. ராத்திரி பிளேன் இல்லாதப்ப அணைச்சுட்டுக் கொஞ்சம் கண்ணசருவாரு. போன மாசம், ஐப்பசி மழையில, நின்ன வாக்குலயே உசுரு போச்சு. கையப் பிரிக்கிறதுக்குள்ள எங்களுக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு." வீரணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இப்ப ராத்திரியும் அணைக்கிறதே இல்லையாமே சார்?"

"சோதனைல அணைக்கக் கூடாது. ராவும் பகலும் ஓடணும்."

"அட பாவமே," என்றார் வீரணன். யாருக்காகச் சொன்னார் என்று வாஹித் கேட்கவில்லை. இருட்டுவதற்குள் ஜீப்புக்கு வந்துவிடும்படி சொல்லிவிட்டு வீரணன் வேகமாகக் கீழே இறங்கிப் போனார்.

வாஹித் திரைக்கு முன்னால் வந்து நின்றார். பேச்சிமுத்து செத்து ஒரு மாதம் ஆகிறது. அன்றே எண் நகர்ந்திருக்க வேண்டும். அலாரம் அலறி நிலையம் அணைந்திருக்க வேண்டும். பூஜ்யம். புள்ளிக்குப் பின்னாலும் பூஜ்யம்.

அவர் ஜன்னலைப் பார்க்க விரும்பவில்லை. ஆனாலும் பார்த்தார். மூட்டம் புல்வெளிக்குள் இறங்கி, போஸ்டின் மேல் பாதியை மறைத்திருந்தது. கீழ்ப் பாதி தெரிந்தது. மதியம் பார்த்தபோது மணிக்கட்டுப் பருமன்கூட இல்லாத குழாய். இப்போது பருமனாக இருந்தது. அடியில் அகலமாக, இரண்டாகப் பிரிந்து, புல்லில் ஊன்றியிருந்தது.

திரும்பிக்கொண்டார். மழைமூட்டத்தில் எதுவும் பெரிதாகத்தான் தெரியும் என்று தனக்கே சொன்னார். எண் சரியாக இருக்கிறது, நமக்கு வேண்டியது எண். எது சரியாக வைத்திருந்தால் என்ன? நாற்காலி உறையைக் கிழித்து உட்கார்ந்து, 'நீண்ட காலத்துக்கு ஆளில்லாமல் இயங்கத் தகுதியானது' என்று எழுதினார். எழுதும்போது வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் களைப்புதான் பெரிதாக இருந்தது. வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டார்.

மதுரையிலிருந்து போன் வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பார்த்துவிட்டு முடித்துவிடுவதாகச் சொன்னார்கள்.

போனை வைத்தபோது முனகல் நின்றிருந்தது. காற்று மட்டும் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது.

கதவிடுக்கு வழியாக ஒரு வாடை வந்தது. நனைந்த கம்பளி. பீடி. மழையில் ஊறிய தோல்.

எண் நகர்ந்தது.

முதலில் கடைசி இலக்கம். அப்புறம் அதற்கு முந்தியது. அலாரம் வீறிட்டது. வாஹித் பொத்தானை அமுக்கினார். நின்றது. மறுபடியும் வீறிட்டது. அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னும் சிறிது நேரத்தில் நிலையம் அணைந்துவிடும். ஆர்டர் போய்விடும். பெட்டி. மறுபடியும் பெட்டி.

"யா அல்லா, இப்பத்தானா," என்று கத்தினார்.

என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. மதுரையில் பார்த்து முடிக்கிற வரைக்கும்தான். கொஞ்ச நேரம்தான். கதவைத் திறந்துகொண்டு ஓடினார்.

புல் முழங்கால் வரை நனைத்தது. போஸ்ட் மெலிசாக, தனியாக நின்றது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவருக்கு ஏறக்குறைய சிரிப்பே வந்தது. நெஞ்சு உயரத்தில் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. அந்த இடத்தைப் பிடித்தார்.

சூடாக இருந்தது.

அலாரம் நின்றது. கீழே பள்ளத்தாக்கிலிருந்து அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிபு பாங்கு காற்றில் விட்டுவிட்டு வந்தது. அவருடைய தெருப் பள்ளிவாசல்தான். அது முடிந்ததும் முதுகுக்குப் பின்னால் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

"வந்துட்டீகளா சார்?"

கரகரத்த, அசந்துபோன குரல். கோபம் இல்லை. வன்மம் இல்லை.

"செத்த நேரம் உக்காந்துக்கிறேன்."

புல் நசுங்கியது. முட்டி எலும்புகள் மளுக்கென்று மடங்கின. கனமான ஏதோ ஒன்று தரையில் இறங்கி உட்கார்ந்தது.

வாஹித் கையை எடுக்கப் பார்த்தார். விரல்கள் கேட்கவில்லை. இழுத்தார். தோள் வலித்தது, விரல் பிரியவில்லை. காலும் எழும்பவில்லை. ஜன்னலில் திரையின் பச்சை வெளிச்சம் தெரிந்தது. பக்கத்தில் திண்டில் செல்போன் ஒளிர்ந்து அணைந்தது. மதுரையாக இருக்கும். மறுபடியும் ஒளிர்ந்தது. அப்புறம் விடாமல் ஒளிர்ந்துகொண்டே இருந்தது. அது சாபிரா.

இருட்டிவிட்டது. பாதையில் டார்ச் வெளிச்சம் ஏறி வந்தது.

"சார்! சார், எங்கன இருக்கீக?"

வீரணன். வாஹித் தன் பலம் எல்லாவற்றையும் சேர்த்து அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

ம்ம்ம் என்றது.

டார்ச் வெளிச்சம் திரும்பியது. புல்லில் தடவி வந்து, கால்களில் ஏறி, முகத்தில் நின்றது. வாஹித் கண்ணைச் சிமிட்டாமல் அந்த வெளிச்சத்தையே பார்த்தார். நான்தான் வீரணன். பாருங்க. நான்தான்.

வெளிச்சம் நடுங்கியது.

"அண்ணே," என்றார் வீரணன். அழுகிற குரல். "இன்னுமாண்ணே நிக்கிறீக?"

டார்ச் கீழே விழுந்து உருண்டது. ஓடுகிற சத்தம் கல்லில் தடுக்கித் தடுக்கிக் கீழே போனது. வெகுநேரம் கழித்து ஜீப் கிளம்பியது. அதன் விளக்குகள் வளைவுக்கு வளைவு சிறுத்து, கம்பத்து விளக்குகளோடு கலந்தன.

ஜன்னலில் செல்போன் ஒளிர்ந்தது. அணைந்தது. பக்கத்தில் பூஜ்யம் அசையாமல் நின்றது.

வாஹித்தின் முழங்காலில் ஈரமான முதுகு ஒன்று மெல்லச் சாய்ந்தது. நன்றாகச் சாய்ந்து தோதுபண்ணிக்கொண்டு, குறட்டை விட ஆரம்பித்தது.