கதவைப் பிடித்தவள்

என்னைச் சுத்தப் பைத்தியம் என்று சொல்லாதவர்கள் எங்கள் ஊர் மங்கலத்தில் ஒருவரும் கிடையாது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டேன். ஓட்டல் டம்ளரில் வாய் வைக்க மாட்டேன். பிறர் தேய்த்த சோப்பைக் கையாலும் தொட மாட்டேன். ஐந்து வயதுத் தங்கை காலராவில் போனதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

எழுபத்துநாலாம் வருஷம் தை மாதம், திருப்பூர் காதர்பேட்டைக்குப் பின்புறம் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். தைத்து வந்த பனியன்களில் தொங்கும் நூல்பிசிறைக் குட்டிக் கத்தரியால் வெட்டுகிற வேலை. சேர்த்துவிட்டது அமராவதியக்கா. எங்கள் வீதியில் பிறந்து திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். என்னைத் தேடிக்கொண்டு ஊருக்கே வந்து, "வா சாரதா, நான் இருக்கறேன்" என்று கூப்பிட்டாள்.

முதல் நாள் அவள்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். பழைய பஞ்சுக் கிடங்கு அது. வெளிச்சம் கம்மி, மிஷின் இரைச்சல் அதிகம். மடிப்பு மேஜை, செக்கிங் மேஜை, தண்ணீர்ப் பானை எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியாகப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனாள். கொல்லையின் கோடியில், பக்கத்துச் சலவைப் பட்டறையின் மதிலை ஒட்டி, பெண்களுக்கென்று ஒரே ஒரு கக்கூஸ். தகரக் கதவு. வெளியே ஒரு கொக்கி. உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. பனியன் வேஸ்ட் துணியைத் திரித்து ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். உட்கார்ந்திருக்கும் வரை அதை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெள்ளைத் துணியாக இருந்தது, நாற்பது பெண்களின் கை பட்டுக் கறுத்து, ஈரமாகத் தொங்கியது.

இதற்கு எங்கள் ஊர்ச் சோளக்காடு எவ்வளவோ தேவலாம் என்றேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற அக்கா அன்றைக்குச் சிரிக்கவில்லை. எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

அந்தக் கயிற்றைத் தொடுவதைவிட அடக்கிக்கொள்வது மேல் என்று முடிவு செய்தேன். விடியுமுன் காட்டுப் பக்கம் போய்விட்டுப் பஸ் ஏறினால், வேலை முடிந்து ஊர் திரும்பும் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டேன். சித்திரை வெயிலில் அது எத்தனை நாள் நடக்கும்? ஒரு நாள் குளிர்காய்ச்சல் கண்டு, சிறுநீரில் ரத்தம் போயிற்று. நிறையத் தண்ணீர் குடித்து வேளாவேளைக்குப் போய்வர வேண்டும், இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் வேலையை விடச் சொன்னான். விட்டுவிட்டு? வீட்டில் தறியெல்லாம் அண்ணன்மார்களுடையது. எனக்கென்று இருந்தது அந்தக் கத்தரி ஒன்றுதான்.

அமராவதியக்காவிடம் அழுதேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீ எதையும் தொட வேண்டாங் கண்ணு. நான் வெளிய நின்னு கதவப் புடிச்சுக்கறேன். சிவன்மலை முருகன் மேல சத்தியம்."

அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை. என் செம்பு, என் சோப்பு, உள்ளே போட்டுக்கொள்ளத் தனிச் செருப்பு. அக்கா கதவு வரை கூடவே வருவாள். நான் உள்ளே போனதும் கதவு வெளியிலிருந்து இறுக மூடிக்கொள்ளும். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வேலை செய்வதால் சத்தமாகப் பேச மாட்டேன். "இருக்கீங்களாக்கா?" என்று மெல்லக் கேட்பேன். பதிலுக்குத் தகரத்தில் இரண்டு தட்டு விழும்.

டொக். டொக்.

அதைக் கேட்டால்தான் எனக்கு உடம்பு இளகும். கூடவே ப்ளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறும். பட்டறையிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். கிருமி சாகிற வாசனை அல்லவா, எனக்கு அது பிடித்தும் இருந்தது. கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று ஊரெல்லாம் அக்காவின் பெருமை பேசித் திரிந்தேன். ஆடி வெள்ளிக்கு அவளுக்கு ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி, நானே கையில் போட்டுவிட்டேன்.

புரட்டாசியில் ஒரு நாள் மூன்று மணிக்கு நான் உள்ளே இருக்கும்போது கரண்ட் போயிற்று. மிஷின்கள் எல்லாம் ஒரேயடியாக நின்றன. அந்த அமைதியில் கிடங்குக்குள்ளிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அமராவதியக்காவின் சிரிப்பு. பத்து வீட்டுக்குக் கேட்கிற சிரிப்பு அது, எனக்குத் தெரியாதா.

கதவைப் பார்த்தேன். இம்மியும் அசையாமல் இறுகி இருந்தது.

"அக்கா... இருக்கீங்களா?"

டொக். டொக்.

கிடங்குக்குள் அவள் மறுபடியும் சிரித்தாள்.

கதவுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது. பிறந்தது முதல் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தேன். அந்த ஈரத் தரைக்கு முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த மண். நான் வெளியே கழற்றிவிட்ட செருப்பு.

கால்கள் இல்லை.

நெடி கண்ணைக் கரித்தது. தோளால் கதவை இடித்தேன். ஒரு மூச்சு நேரம் அது என்னை எதிர்த்து நின்றது, பிறகு விட்டுவிட்டது. வெளியே யாரும் இல்லை. கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

செக்கிங் மேஜைக் கண்ணம்மாக்கா கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவள். நேராக அவளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் கையிலிருந்த பனியனைக் கீழே வைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேசினாள். இரண்டு வருஷம் முன்னால் இங்கே மருதாள் என்று ஒரு பெண் இருந்தாளாம். என்னைப் போலவே சுத்தக்காரி. கயிற்றைத் தொட மாட்டாள். அவளுக்கும் கதவைப் பிடித்தவள் அமராவதிதான். ஒரு நாள் கழுவிவிட்டு உட்காரலாம் என்று மருதாள் பட்டறையிலிருந்து ப்ளீச்சிங் பவுடரும் திராவகமும் வாங்கிப்போய், இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டாள். உள்ளே புகை கிளம்பிவிட்டது. அமராவதியோ நின்று கால் கடுக்கிறது என்று கொக்கியை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தாள். மிஷின் இரைச்சலில் மருதாள் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. மாரடைப்பு என்று சொல்லி எடுத்துப் போனார்கள். கொக்கி மாட்டியிருந்ததைப் பார்த்த பெண்கள் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு அமராவதி உள்ளே போனால் கதவு திறக்காதாம். இரண்டு தடவை கடப்பாரை போட்டு நெம்பி அவளை வெளியே எடுத்தார்களாம். அப்புறம் அவள் அந்தப் பக்கமே போவதில்லை. மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போதே போய்விட்டு வந்துவிடுவாள்.

"புதுசா ஒருத்தி வந்து கதவப் புடிக்கச் சொன்னா, மருதா அவகூட இருந்துக்குவா, இவள விட்டுருவான்னு யாரோ குறி சொன்னாங்களாமா," என்றாள் கண்ணம்மாக்கா. "அப்பறந்தான் உன்னயக் கூட்டியாந்தா. நாங்களும் பாத்துட்டுச் சும்மா இருந்துட்டங் கண்ணு."

நாற்பது பேர். தினமும் என்னோடு வட்டமாக உட்கார்ந்து சோறு தின்றவர்கள்.

அமராவதியிடம் நேராகப் போய்க் கேட்டேன். கதவு வரை வந்து, நான் உள்ளே போனதும் திரும்பிவிடுவதை அவள் மறுக்கவில்லை. முதல் நாளிலிருந்தே அப்படித்தானாம்.

"எனக்கும் ரெண்டு புள்ளைக இருக்குது சாரதா. உன்னய அது ஒண்ணும் பண்ணலையே," என்றாள் தணிந்த குரலில். "நல்லாத்தான புடிச்சுக்குது?"

அவள் கையில் நான் போட்டுவிட்ட பச்சை வளையல்கள். வயிறு பற்றி எரிந்தது எனக்கு. செத்தவளை நினைத்து அன்று நான் பயப்படவே இல்லை. தீபாவளியோடு நின்றுகொள்கிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, பழையபடி தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானத்தோடு வேலை முடிந்தது. கம்பெனியில் கொடுத்த பலகாரத்தைத் தின்றுவிட்டு எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அமராவதிக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வீடு வரை தாங்காது. முகமெல்லாம் வேர்த்து என் முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு நிமிசம் வெளிய நில்லு கண்ணு. நீ நின்னா அவ ஒண்ணும் பண்ண மாட்டா."

போய் நின்றேன். இரக்கப்பட்டுத்தான் நின்றேன், அதை மட்டும் நம்புங்கள். ஆனால் கதவைத் தொடவில்லை. ஓரடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மிஷின்கள் ஓய்ந்திருந்தன. பளிச்சென்ற வெயில்.

கதவு தானாக இறுகி மூடிக்கொண்டது.

"சாரதா... இருக்கறயா?"

நான் வாய் திறப்பதற்குள் தகரத்தில் விழுந்தது.

டொக். டொக்.

தட்டியது நான்தான் என்று நினைத்திருப்பாள். உள்ளே அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. என் கண்ணுக்கு முன்னால் கொக்கி மெல்ல எழும்பி வளையத்துக்குள் விழுந்தது.

நெடி வந்தது.

முதலில் இருமினாள். பிறகு என் பெயரைச் சொல்லிக் கதவை இடித்தாள். வளையல்கள் தகரத்தில் பட்டு உடைந்தன. கையை நீட்டினால் கொக்கி எனக்கு எட்டும். நீட்டினேன். துருவும் பிசுக்கும் ஏறிய கொக்கி. நாற்பது பேர் தொட்ட கொக்கி. என் கை பாதியில் நின்றுவிட்டது. சுற்றுமுற்றும் துணி தேடினேன். மதிலோரம் ஒரு வேஸ்ட் துணி கிடந்தது. போய் எடுத்து, உதறி, கையில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அதற்குள் உள்ளே சத்தம் அடங்கிவிட்டது.

திறந்து பார்த்தபோது உள்ளே பவுடரும் இல்லை, திராவகமும் இல்லை. மாரடைப்பு என்று சொல்லி எடுத்துப் போனார்கள். கொக்கியைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை. அழுக்குக்குப் பயந்தா துணி தேடினேன், இல்லை அவள் செய்ததற்குப் பழிவாங்கவா? நாலு வருஷமாக என்னையே கேட்கிறேன். பதில் தெரிந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

இப்போது எனக்குக் கல்யாணமாகிக் கணியூரில் இருக்கிறேன். வீட்டுக்காரரிடம் பிடிவாதம் பிடித்து, எனக்கு மட்டுமென்று ஒரு கக்கூஸ் கட்டிக்கொண்டேன். தேக்குக் கதவு. உள்ளே பித்தளைத் தாழ்ப்பாள். வெளியே கொக்கி வைக்க விடவில்லை. நானே கழுவுகிறேன், வேறொருவர் கை அங்கே பட்டதில்லை. மறுபடியும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். ஆனாலும் பகலில் ஒரு தடவையாவது போகத்தான் வேண்டியிருக்கிறது.

தாழிட்டு உட்கார்ந்ததும், நான் எதுவும் கேட்காமலே கதவு தட்டப்படுகிறது.

டொக். டொக்.

கொஞ்சம் பொறுத்து, கண்ணாடி வளையல் உரசும் சத்தத்தோடு, இன்னும் இரண்டு.