கரண்டிச் சத்தம்

பல வருஷம் கடலடியில் கிடந்த பயணிகள் கப்பலைப் புயல் புரட்டிக் கரையில் போட்டிருந்தது. இரும்பு அறுக்கிறவனைக் கூப்பிட்டார்கள். வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். அவன் மனைவி அந்தக் கப்பலில் சமையல்காரி. அவள் உடல்கூடக் கிடைக்கவில்லை.

"நீ வேணாம்டா, நான் பாத்துக்கறேன்" என்றான் கூட்டாளி.

"அவ உள்ள இருந்தா நான்தான் பாக்கணும்."

உள்ளே இருட்டு. துருவும் அழுகிய பாசியும் நாறின. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தடுமாறிச் சமையலறைக்குப் போனான். இரும்புக் கதவு. வெளிப்பக்கம் தாழ் போட்டிருந்தது. கடல் கொந்தளித்தால் கதவு அடித்துக்கொள்ளும் என்று, போகிற வருகிற யாராவது தாழைத் தள்ளிவிட்டுப் போவது கப்பல் வழக்கம்.

அறுக்கிறவர்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. இரும்பில் கேஸ் நெருப்பு வைக்குமுன் சுத்தியலால் தட்டுவார்கள். உள்ளே ஆள் இருந்தால் திருப்பித் தட்ட வேண்டும். அவன் தட்டினான்.

உள்ளேயிருந்து தட்டினார்கள்.

கூட்டாளி பின்பக்கமாக ஏறி உள்ளே போய்விட்டான் என்று நினைத்தான். "விளையாடாதடா, தள்ளி நில்லு!"

"எங்கடா விளையாடறேன்? கேஸ் சிலிண்டரோட மணல்ல மாரடிச்சிட்டிருக்கேன்!" குரல் கப்பலுக்கு வெளியே, கீழேயிருந்து வந்தது.

மறுபடியும் தட்டல்.

அந்தத் தட்டல் அவனுக்குத் தெரியும். வேலை முடிந்து வந்து கதவைத் தட்டினால் அவள் உடனே திறக்க மாட்டாள். உள்ளிருந்து கரண்டியால் கதவைத் தட்டி, "யாரு?" என்பாள். "நான்தான்" என்று சொன்னால்தான் தாழ் விலகும். தினமும் இதே கூத்து.

சிலிண்டர் வந்ததும் துருவேறி இறுகிய தாழை அறுத்தான்.

உள்ளே யாரும் இல்லை.

இடுப்பளவு மணல். அதில் வளைந்துபோன ஒரு கரண்டி. கதவின் உட்புறமெங்கும் குழிகுழியாக அடித்த தடம். நடுவில் தொடங்கி, தண்ணீர் ஏற ஏற மேலே போய், கூரையை ஒட்டி முடிந்திருந்தது.

'தூக்கத்திலேயே போயிருப்பா' என்று எல்லோரும் சொன்ன ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் சோறு தின்றான். தாழ் போட்டவன் ஒரே ஒரு தட்டு தட்டிக் காத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். கதவில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதான்.

கரண்டியை வீட்டுக்குக் கொண்டுபோனான். வீட்டுக் கதவின் வெளித்தாழை அறுத்து எறிந்தான்.

"திருடன் வந்தா?" என்றான் கூட்டாளி.

"வரட்டும். அவள மறுபடி பூட்டிட்டுப் போக எனக்கு மனசில்லடா."

மறுநாள் வேலைக்குப் போகும்போது கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போனான். சாயங்காலம் வந்து தள்ளினான்.

திறக்கவில்லை.

உள்ளே தாழ் போட்டிருந்தது. கதவடியில் கசிந்த தண்ணீர் அவன் காலை நனைத்தது. கடல் வாடை.

தட்டினான்.

உள்ளிருந்து கரண்டிச் சத்தம் கேட்டது.

"நான்தான்" என்றான். "நான்தான்மா. வந்துட்டேன்."

தாழ் விலகியது.