குறையாத பீப்பாய்

ஏழாவது பீப்பாய் குறையவே இல்லை.

திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த மெதாக் வட்டாரத்தில் ஆற்றையொட்டிய ப்ரூவெராக் ஒயின் எஸ்டேட்டின் நிலவறைக்குப் பதினோரு வருஷமாக சொலாஞ்ஷ்தான் பொறுப்பு. வாரம் ஒருமுறை இருநூறு பீப்பாய்களையும் வரிசையாகத் திறந்து, பீப்பாயின் ஓக் மரம் குடித்தும் காற்றில் கரைந்தும் காலியான இடத்தைச் சிவப்பு ஒயின் ஊற்றி நிரப்புவாள். ஒவ்வொன்றும் ஒரு குவளையாவது கேட்கும். இது மட்டும் மூன்று வாரமாக ஒரு சொட்டும் கேட்கவில்லை.

அவளுக்கு ஹெர்வே மேல்தான் சந்தேகம். அவளுக்கு அடுத்த நிலையில் இருப்பவன், இன்னொரு சாவி வைத்திருப்பவன். அவளுடைய பதவியைக் கேட்டு முதலாளி வீட்டுக்கு இரண்டு முறை நடந்தவன். மட்டமான சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் போதும். முதலாளி ருசி பார்க்கும் நாளில் இவள் வெளியே.

மதியச் சாப்பாட்டில் நேராகவே கேட்டாள். "ஏழாம் நம்பர்ல என்ன ஊத்துற?"

ஹெர்வே ரொட்டியைப் பிய்த்தபடி சிரித்தான். "உன் பீப்பாய்க்கு நான் எதுக்கு பால் ஊத்தி வளக்கணும்?"

"விளையாடாத. சாவி உங்கிட்டயும்தான் இருக்கு."

அவன் சிரிப்பு நின்றது. சாவியைக் கழற்றி அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"வச்சுக்கோ. நீயே காவல் இரு. ஆனா ஒண்ணு சொல்லு சொலாஞ்ஷ், அந்தப் பக்கம் போறப்ப யாரோ விழுங்குற சத்தம் உனக்குக் கேக்கலையா?"

"எலியா இருக்கும்."

"எலி அவ்வளவு நிதானமா விழுங்காது."

பயமுறுத்தப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். அன்றே அந்தப் பீப்பாயின் அடைப்பைச் சுற்றி மெழுகை உருக்கி ஊற்றி, தன் மோதிரத்தால் அழுத்தி முத்திரை வைத்தாள். இரண்டு சாவிகளும் ஒரு வாரம் அவள் இடுப்பிலேயே கிடந்தன.

அடுத்த வியாழன், வெட்டிப்போட்ட திராட்சைக் கொடிகள் தோட்டத்தில் எரிந்துகொண்டிருந்த பிற்பகலில் அவள் தனியாகக் கீழே இறங்கினாள். ஈரக்கல்லின் வாடையும் பழைய மரத்தின் வாடையும் புளித்த பழத்தின் வாடையும் கலந்து படிக்குப் படி கனத்து வந்தன. எப்போதும் தோள்களைச் சில்லிட வைக்கும் நிலவறைக் குளிர், ஆறாவது பீப்பாயைத் தாண்டியதும் இல்லாமல் போனது.

மெழுகு உடையவில்லை. மோதிரத் தடம் அப்படியே இருந்தது.

ஹெர்வேயின் வேலை இல்லை. அப்படியானால் யார்?

மெழுகைச் சுரண்டி எடுத்தாள். அடைப்பு அவள் பிடிக்குமுன் தானாக மேலே எழும்பியது. விளிம்புவரை ஒயின். மேலே வெதுவெதுப்பான ஆவி.

மாதிரி எடுக்கும் நீண்ட கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டாள். ஒரு முழம் இறங்கியது. மெத்தென்ற எதிலோ நின்றது.

இழுத்தாள். வரவில்லை.

மறுபடி இழுத்தாள். கீழிருந்து யாரோ இழுத்தார்கள்.

கை நழுவியது. குழாய் முழுதும் உள்ளே போய்விட்டது. நிதானமாக, ஒரே ஒரு மிடறு விழுங்கும் சத்தம்.

ஓட வேண்டும் என்று நினைத்தாள். ஆனாலும் துளைக்குள் எட்டிப் பார்க்கப் பீப்பாயின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

ஒயின் வழிந்தது. துளையிலிருந்து ஒரு விரல் வந்தது. கருஞ்சிவப்பு. வெகுநாள் ஊறிச் சுருங்கிய தோல். மரத்தைத் தடவியது. விளிம்பைத் தடவியது. அவள் சுண்டுவிரலைக் கண்டுபிடித்து, மெல்ல வளைந்து கோத்துக்கொண்டது.

இறுக்கவில்லை. விடவுமில்லை.