வலப்பக்க உருவம் நீக்கவும்

நிறுத்தி வைத்த படத்தில் ஒரு தூசி நகர்ந்தது.

நடராஜா கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். நிறுத்தும் பொத்தானைத்தான் அழுத்தியிருந்தார். கதாநாயகன் திறந்த வாயோடு நிற்கிறான், அவன் சுருட்டுப் புகை பாதி வழியில் நிற்கிறது, பின்னால் ஓடிய குதிரை ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறது. எல்லாம் உறைந்துபோன அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில், வலது ஓரத்தில் அரிசிமணி அளவு சாம்பல் நிறம் மட்டும் தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்திருந்தது.

வெளியே ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வெயில் மலேசியாவின் சுங்கைப் பட்டாணி நகரை வறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே, அவருடைய முன்னறையில் கும்மிருட்டு. சன்னலுக்கு மூன்று அடுக்குத் திரைச்சீலை, கதவிடுக்குக்குக் கறுப்புத் துணி, ஒரு சுவர் முழுக்கப் பழைய தமிழ்ப் படங்களின் புளூரே டிஸ்க்குகள் நானூற்றுச் சொச்சம். புதிதாக ஒரு படம் வந்தால் போதும், கீறல்களை ஒழுங்காக எடுத்திருக்கிறார்களா, முகங்களை மெழுகுப் பொம்மையாக வழித்துவிட்டார்களா, கறுப்பு கறுப்பாகவே இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து மதிப்பெண் போடுவார். சென்னையிலும் கொழும்பிலும் இருக்கும் சேகரிப்பாளர்கள்கூட அந்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். பக்கத்து நகரான கூலிமில் ஒரு சிப் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவர். தூசியைக் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு. சோற்றுக்கும் மார்க் போடுகிற மனுஷன் என்று மனைவி வாணி கிண்டல் பண்ணுவாள். அவள் காலையிலேயே அக்காவோடு பெண்டாங்கில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள்.

மனிதர் எழுந்து தொலைக்காட்சித் திரைக்கு அருகே போனார். மூக்கு திரையில் இடிக்கும் தூரம். தூசி இல்லை அது. ஒரு பெண். கைலி கட்டி, பூப்போட்ட சட்டை போட்டு, கொஞ்சம் கூன் விழுந்த உடம்பு. ராஜா காலத்துக் கதையில் ஜப்பான் ரப்பர் செருப்பு போட்ட கிழவிக்கு என்ன வேலை? ரீஸ்டோரேஷன் செய்தவன் எவனோ தூங்கியிருக்கிறான் என்று முதலில் ஆத்திரம்தான் வந்தது. பயம் வர இன்னும் சற்று நேரம் இருந்தது.

அந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டார். தர்பார் நடனம், இருபது பெண்கள் வரிசையாக நிற்கிற காட்சியில் நிறுத்தினார். நின்றார்கள். அவர்களுக்கு நடுவே கைலி கட்டிய கிழவி மட்டும் உறைந்து நிற்கவில்லை. ஒவ்வொரு நாட்டியக்காரியின் முகத்துக்கும் முன்னால் போய், கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்து, இவள் இல்லை என்பதாகத் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவளிடம் போனாள். முந்திய படத்தில் அரிசிமணியாக இருந்தவள் இதில் விரல் உயரம் இருந்தாள்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. பழைய பிலிம் கெட்டுப்போகும்போது வருகிற வினிகர் புளிப்பு. அதற்கு அடியில் இன்னொன்று, ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எவனுக்கும் மறக்காதது, உறைந்த ரப்பர் பாலான ஒட்டுப்பால் அடைத்த பழைய சாக்கின் அழுகல் நாற்றம். நடராஜா ஓரடி பின்வாங்கினார். இந்த இரண்டு வாடையும் கலந்து ஒரே ஒருத்தியின் பையிலிருந்துதான் அவர் முகர்ந்திருக்கிறார்.

பாப்பம்மா. கோலா கெத்தில் ஊர்க்காரி. வாழ்நாளெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். போன வருடம் ஒரு தகர டப்பாவைப் பையில் போட்டு இதே வீட்டுக்கு வந்தாள். உள்ளே ஒரு ரீல், தோட்டத்துக்குப் படம் காட்ட வந்தவர்கள் விட்டுப்போனது. அறுபது எழுபது வருடங்களுக்கு முன் அவள் தோட்டத்தில் சினிமாக்காரர்கள் நாலு நாள் தங்கிப் படம் பிடித்துப் போனார்கள். அதில் ஒரு பாட்டுக் காட்சி. கதாநாயகி மரத்தைச் சுற்றிப் பாடும்போது வலது ஓரத்தில் பால்வாளியோடு வந்த ஒரு பெண் பன்னிரண்டு நொடி அப்படியே நின்று கேமராவைப் பார்ப்பாள். அது பாப்பம்மாவின் அம்மா சிகப்பி. அடுத்த வருடமே காய்ச்சலில் செத்துப்போனாள், பாப்பம்மாவுக்கு அப்போது இரண்டு வயது. சிகப்பிக்கு வேறு புகைப்படமே கிடையாது. அடையாளக் கார்டைக்கூடச் செத்த பிறகு ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள்.

"எங்கம்மா வர்ற எடத்த மட்டும் நல்லா தெளிவாக்கிக் குடுங்க தம்பி, போதும்" என்றாள். நடராஜா சரி என்றார். வாய் கூசாமல் சொன்னார்.

ஏனென்றால் சென்னையில் ஒரு கம்பெனி அந்தப் படத்தைத்தான் புதுப்பித்துக்கொண்டிருந்தது. தர ஆலோசகர் இவர். அந்தப் பாட்டுக்கு நல்ல பிரதி உலகத்திலேயே பாப்பம்மாவின் ரீல் ஒன்றுதான். ஸ்கேன் செய்து வந்ததைப் போட்டுப் பார்த்தபோது அந்தப் பன்னிரண்டு நொடி அவர் கண்ணை உறுத்தியது. எவளோ ஒருத்தி குறுக்கே வந்து ஃபிரேமைக் கெடுக்கிறாள் என்று தோன்றியது. திருத்தப் பட்டியலில் நாற்பத்தொன்றாவது வரியாக எழுதினார்: வலப்பக்க உருவம் நீக்கவும். கம்பெனிக்காரர்கள் பக்கத்து மரத்தையே நகலெடுத்து அவள் மேல் ஒட்டினார்கள். ஒட்டியது தெரியவே இல்லை. டிஸ்க் அட்டையின் பின்பக்கம் நடராஜாவின் பெயர் வந்தது, அவரும் வெட்கமில்லாமல் தன் வேலைக்குத் தானே பத்துக்கு ஒன்பதரை போட்டு எழுதினார்.

வெளியான டிஸ்க்கைப் பார்த்துவிட்டுப் பாப்பம்மா வாசல் கேட்டில் வந்து நின்றாள்.

"அம்மா இல்லையே தம்பி."

"ரீல்லயே அழிஞ்சி போயிருந்திச்சிமா. பழசு லா."

"அப்ப என் ரீலக் குடுத்துருங்க."

"அது புளிச்சி நாறிச்சி. வீசியாச்சி."

அவள் கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு சத்தம் போடாமல், பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காமல் சொன்னாள். "எங்கம்மா இந்த ஒலகத்துல இருந்ததுக்கு அது ஒண்ணுதான் சாட்சி. அத அழிச்சிட்ட. நீ இருந்ததுக்கும் ஒரு சாட்சி இல்லாமப் போகட்டும்."

போன மாதம் அவள் இறந்தாள். இன்றைக்குப் பதினாறாம் நாள் காரியம் என்று அவள் மருமகன் காளிதாசன் வாட்ஸப்பில் அழைத்திருந்தான். நடராஜா அந்தத் தகவலை அழித்துவிட்டுப் படம் பார்க்க உட்கார்ந்திருந்தார்.

இப்போது டிஸ்க்கை வெளியே எடுத்தார். பிளேயர் தட்டு காலி, டிஸ்க் அவர் கையில். திரையில் தர்பார் மறைந்தது. அதற்குப் பதில் ரப்பர் மரங்கள் வந்தன.

தோட்டப் பாட்டு. அவர் போடாதது. கதாநாயகி மரத்தில் சாய்ந்து வாயசைக்கிறாள், பாட்டுச் சத்தம் இல்லை, எங்கோ வண்டுகளின் இரைச்சல் மட்டும், காலடியில் சருகுகள் நொறுங்கும் ஓசை மட்டும் வலப்பக்க ஸ்பீக்கரிலிருந்து மெதுவாகக் கிட்டே வந்தது. பாப்பம்மா ஃபிரேமுக்குள் நுழைந்தாள். இந்தத் தடவை முழு உயரம். நேராக வலது ஓரத்துக்குப் போய், நகலெடுத்து ஒட்டிய மரத்தின் முன்னால் நின்று, இடுப்பிலிருந்து பால் வெட்டும் கத்தியை எடுத்தாள்.

பட்டையில் சாய்வாக ஒரு கீறல். இன்னொன்று. அவசரமே இல்லாத கை. வெட்டிய இடத்தில் வெள்ளையாகக் கசிந்தது. பட்டை சுருண்டு விழுந்தது. அடியில் மரம் இல்லை.

ஒரு கன்னம். ஒரு காது. மூக்குத்தி.

சிகப்பி வெளியே வந்தாள். இருபது வயசு. மகள் கிழவி, அம்மா குமரி. மகள் அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள், வாய் விட்டு அழுதாள், அந்த அழுகைக்கும் சத்தம் இல்லை. பிறகு கையைத் தூக்கி நடராஜாவைக் காட்டினாள்.

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"தெரியாம பண்ணிட்டேன்மா" என்றார். பொய். அவருக்கே தெரிந்த பொய். அவர்களுக்கும்.

சிகப்பி தலைத்துணியை அவிழ்த்தாள். மரத்தில் வடிந்த பாலில் நனைத்தாள். பிழிந்தாள். துடைக்கத் தொடங்கினாள்.

திரையைத்தான் துடைத்தாள், உள்ளேயிருந்து. ஆனால் சுவரில் ஏதோ மாறியது. கல்யாணப் படம். அவருடைய தலைப்பாகை இருந்த இடத்தில் வெறும் பின்னணி. அப்புறம் மாலை. அப்புறம் தோள். வாணி மட்டும் நின்றாள், மணப்பெண்ணாக, தனியாக. பக்கத்தில் பந்தல் துணி ஒழுங்காகத் தொடர்ந்தது. ஒட்டியது தெரியவே இல்லை.

பர்ஸைப் பிடுங்கி எடுத்தார். அடையாளக் கார்டில் முகம் இருந்த இடம் நீல வெள்ளைப் பரப்பு. பெயர் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. கைப்பேசி அவர் முகத்தை அடையாளம் காணவில்லை. மறுபடி காட்டினார். காணவில்லை.

உதட்டைத் தொட்டார். விரல் வழுக்கியது. மூக்கு? இல்லை. கன்னத்திலிருந்து கன்னம்வரை ஒரே சமதளம், ஈரமாக, ஒட்டுப்பால் நாற்றத்தோடு. கத்த வேண்டும். எதைக்கொண்டு?

வாசலில் சாவி திரும்பியது.

வாணி. கதவு திறந்தது, பகல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. அவள் தோளில் கைப்பேசியை இடுக்கிப் பேசிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். நடராஜா பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள், கொசு கடித்தால் தேய்ப்பதுபோல.

"வந்து சேந்துட்டேன் அக்கா. சாப்பாடா? நான் ஒத்த ஆளுதானே, என்னத்தயாச்சும் தின்னுக்குவேன்." அவள் முன்னறையைப் பார்த்து முகம் சுளித்தாள். "இந்த ரூம எதுக்கு இப்பிடி இருட்டா வச்சிருக்கேன்னு எனக்கே தெரியல லா."

முப்பது வருடம். முப்பது வருடம் அவர் சாப்பிட்ட தட்டு, அவர் படுத்த பக்கம். அவள் குரலில் துளி தடுமாற்றம் இல்லை.

திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் திறந்தாள். வெயில் அறையெங்கும் பரவியது. நாற்காலிக்கு நிழல் விழுந்தது, மேசைக்கு நிழல் விழுந்தது. திரைக்குள் சிகப்பி துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். அவர் கண்களை மட்டும் அவள் துடைக்கவில்லை. இரண்டையும் விட்டுவைத்திருந்தாள்.

வாணி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். தொலைக்காட்சியை நேராகப் பார்த்தாள்.

"பழைய படம் ஓடுது அக்கா. ஓரத்துல ஒரு பொண்ணு நிக்கிது. அழகா இருக்கு. கண்ணெடுக்காம என்னயே பாக்குது."

அவளுக்கும் திரைக்கும் நடுவில் நடராஜா நின்றிருந்தார்.