முழுக்கோடு

கன்னிமூலையில் ஒரு வட்டம் இருந்தது. அதை மாயக்காள் வரையவில்லை.

கட்டடத்தின் மாடலைத் திரையில் புரட்டி, அடிப்பக்கம் மேலே தெரியும்படி நிறுத்தியிருந்தாள். மண்ணுக்குள் இறங்கும் தூண்கள் பச்சைக் கோடுகளில் கம்பிக் கூண்டு போலத் தெரிந்தன. தென்மேற்கு மூலைத் தூணின் காலைச் சுற்றி மட்டும் மெல்லிய புள்ளிகளால் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. உச்சிவெயில் ஜன்னல் கம்பியைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கீழ்க்கடையில் கொட்டிவைத்த மிளகாய் வத்தலின் நெடி மாடிப்படி ஏறி வந்து மூக்கைக் கமறவைத்தது. ஆபீஸை நடத்தும் இன்ஜினியர் சங்கரலிங்கம் சார் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைத் தொட அவர்கள் இருவரையும் விட்டால் ஆள் கிடையாது.

அழித்தாள். போய்விட்டது.

ஆனால் உறுத்தியது. ஏனென்றால் புள்ளியும் கேள்விக்குறியும் அவளுடைய ஏற்பாடு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே வகுத்த முறை அது. டேப் பிடித்து அளந்ததை முழுக்கோடாகப் போட்டு, அளந்தவரின் முதலெழுத்தைப் பக்கத்தில் எழுதுவாள். யாரோ சொல்லக் கேட்டது என்றால் புள்ளிக்கோடு. யாரும் அளக்காமல், யாரும் சொல்லாமல், வேலை ஓடவேண்டுமே என்று ஊகித்தது என்றால் புள்ளிக்கோடும் கேள்விக்குறியும். கையால் வரையும்போது தெரியாத இடத்தில் பென்சில் தயங்கும், அந்தத் தயக்கம் தாளிலும் தெரியும். கம்ப்யூட்டர் கோடு எதற்கும் தயங்காது. பொய்யும் உண்மையும் ஒரே தடிமனில், ஒரே நேர்த்தியில் வந்து நிற்கும். பார்க்கிறவன் கும்பிடுவான்.

நிஜமாகவே கும்பிட்டார்கள்.

ராமசுப்பு அண்ணாச்சி நூல்மில் முதலாளி. மில்லில் வேலை செய்யும் பெண்களுக்குத் திருச்சுழி ரோட்டில் ஹாஸ்டல் கட்ட வந்தார். அது கரிசல் மண். மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். நாலு மூலையிலும் சோதனைக் குழி போட்டுப் பார்க்கவேண்டும் என்றாள் மாயக்காள். ஈசான மூலையில் மட்டும் தோண்டவிட்டார். எட்டடியில் சுக்கான்பாறை தட்டியது. கன்னிமூலையில் மண்வெட்டியை வைக்கவே விடவில்லை. "கன்னிமூலையில வெறுங்குழி விழுந்தா சொத்து தங்காது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டயில ஒரே தடவதான் அங்க கை வைக்கணும்" என்றார். சங்கரலிங்கம் சார் ஆமாம் சாமி போட்டார். மற்ற மூலைகளுக்கும் எட்டடி என்றே போடச் சொன்னார். போட்டாள், புள்ளிக்கோடும் கேள்விக்குறியுமாக.

பூமிபூஜைக்கு முந்தின நாள் சார் திரையைப் பார்த்துக் கொதித்தார்.

"ஏம்மா மாயா, மஞ்சத் தடவி சாமிக்கு முன்னால விரிக்கப்போற பிளானு. அதுல போயி கேள்விக்குறி போட்டு வச்சிருக்க?"

"மாயக்காள், சார். தெரியாததத் தெரியாதுன்னுதான போட்டிருக்கேன்."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா நமக்கு ஃபீஸு குடுக்காக? மதுரையில இருந்து கம்ப்யூட்டர் வாங்கி வச்சதே, பாத்தவுடனே நம்பணும்னுதான்."

அவரே மவுஸைப் பிடித்துக் கேள்விக்குறிகளை அணைத்தார். புள்ளிக்கோடுகளை ஒவ்வொன்றாக முழுக்கோடாக மாற்றினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். படம் அழகாகத்தான் இருந்தது. பூசாரி அதற்குக் குங்குமம் வைத்தார்.

படத்தில் எட்டடி என்று இருந்ததால் கொத்தனார் எட்டடியில் நிறுத்தினார். கன்னிமூலையில் பாறை தட்டியதா என்று மாயக்காள் போய்க் கேட்டபோது கான்கிரீட் இறுகிவிட்டிருந்தது. "கம்ப்யூட்டர்லயே போட்டிருக்கேம்மா, அப்புறம் நான் என்னத்தத் தட்டிப் பாக்க?" என்று அவர் அவளிடமே கேட்டார்.

அந்த மூலை அறையில்தான் இன்று அவள் தங்கை முருகேஸ்வரி தூங்குகிறாள். அதே மில்லில் ராத்திரி ஷிப்ட். எட்டுப் பெண்கள், எட்டுப் பாய். இப்போது அண்ணாச்சிக்கு மேலே இன்னொரு மாடி வேண்டுமாம். அதற்காகத்தான் இந்த மாடலை மறுபடி திறந்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம் வட்டம் திரும்பி வந்திருந்தது.

கேள்விக்குறி மட்டும் இல்லை.

மாயக்காள் நாற்காலியில் சாய்ந்தாள். ஊகம் இல்லையாம். யாரோ சொன்னதாம். யார் சொன்னது? மின்விசிறி வெந்த காற்றை அரைத்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில், வத்தல் நெடிக்கும் கீழே, வேறொரு வாசனை மெதுவாக ஏறியது. நரிக்குடிப் பக்கம் அவள் ஊரில் கிணறு தூர்வாரும்போது கூடையில் மேலே வருமே, சூரியனையே பார்க்காத கறுப்புச் சேறு, அந்தக் குளிர்ந்த வாசனை. சித்திரை மாதம். ஊரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மாடலைப் பக்கவாட்டில் திருப்பினாள். வட்டம் வெறும் வட்டமாக இல்லை. புள்ளிப் புள்ளியாகக் கீழே இறங்கியிருந்தது. எட்டடியைத் தாண்டி. திரையின் விளிம்பையும் தாண்டி.

சாயங்காலம் மில் கேட்டில் ஷிப்டுக்கு வந்த தங்கையை நிறுத்தினாள்.

"அந்த ரூம்ல ஏதாச்சும் விரிசல் விட்டிருக்கா?"

"விரிசலா? நல்ல ரூமுக்கா. வெளிய தீயாக் காயுது, எங்க மூலையில தரை சில்லுனு இருக்கு. அந்த எடத்துக்கு அடிச்சுக்கிறாளுக." முருகேஸ்வரி சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கண்ணு சொருகயில மட்டும் கீழ உருளை சுத்துற மாதிரி இருக்கும். யாரோ தண்ணி எறைக்கிற மாதிரி. மிஷின் சத்தம் காதுலயே நிக்கிதுன்னு கஸ்தூரி வார்டன் சொல்றாக."

"இன்னைக்கே பெட்டியக் கட்டு. ஊருக்குப் போயிரு."

"போயி? ஆடு மேய்க்கவா? உன்னையப் படிக்க வச்சாக, என்னைய மில்லுக்கு அனுப்புனாக. இப்ப அதுலயும் மண்ணப் போடுறியா?" சுருக்கென்று சொல்லிவிட்டு அவளே இறங்கி வந்தாள். "சரி, மூஞ்சியத் தூக்காத. நாளைக்கு மத்தியானம் வா, பேசுவோம். உன் பழைய டேப்பையும் எடுத்துக்கிட்டுப் போ. ஜன்னல்ல கொடியாக் கட்டித் துணி காயப்போடுறாளுக, கழுதைக."

மாயக்காளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படிக்கும் காலத்தில் லீவுக்கு வரும்போதெல்லாம் அந்த டேப்பை வைத்துத்தான் ஊரில் வீடு வீடாக அளந்து பழகினாள். ஒரு நுனி அவள் கையில், மறுநுனி முருகேஸ்வரி கையில். "பிடிச்சுட்டேன்க்கா, இழு" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்துவாள்.

காலையில் அண்ணாச்சி ஆபீஸுக்கு வந்திருந்தார். மாயக்காள் உட்காரவில்லை.

"மாடி போடக் கூடாதுங்க. கன்னிமூலையில கீழ என்ன இருக்குன்னு நாம பாக்கவே இல்ல. புள்ளைகள வெளிய எடுங்க. தூணு பக்கத்துல தோண்டிப் பாப்போம்."

"கெணறு இருந்துச்சுன்னு உன்ட்ட எவன் சொன்னான்?" என்றார் ராமசுப்பு.

சங்கரலிங்கம் சார் தலையை நிமிர்த்தினார். கீழே தராசுத் தட்டு மோதும் சத்தம் கேட்டது.

"நான் கெணறுன்னு சொல்லலையே அண்ணாச்சி."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அது எங்க அப்பா காலத்துக் கெணறு. தூத்து நாளாச்சு. கன்னிமூலையில கெணறுன்னு வெளிய தெரிஞ்சா அந்த எடத்த எவன் மதிப்பான்?"

"எத வச்சுத் தூத்தீங்க?"

"மில்லுல விழுற கழிவுப் பஞ்சுதான். லோடு லோடாப் போட்டு மேல மண்ணக் கொட்டுனோம். அதெல்லாம் இறுகிருக்கும்."

பஞ்சு. ஒரு கட்டடம் மக்கிய பஞ்சின் மேல் நிற்கிறது. மாயக்காள் சாரின் பக்கம் திரும்பினாள். "அளக்காத எடத்துல அளந்த கோடு போட்டீங்களே சார்! அவர் மறைச்சாரு, சரி. நீங்க படிச்சவருதான? நான் போட்ட ஒரு கேள்விக்குறி அங்க இருந்திருந்தா கொத்தனாராச்சும் கடப்பாறையப் போட்டுப் பாத்திருப்பாரு."

"சத்தம் போடாத. அடுத்த மாசம் பாப்போம்," என்றார் சார். "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு கோவம் ஆகாது."

இரண்டு பேரும் ஒரே காரில் கிளம்பிப் போனார்கள்.

ஒரு மாதம் பொறுக்க முடியாது. மாடலைத் தாளில் எடுத்துப்போய் ஹாஸ்டல் வாசலில் விரித்துப் பிள்ளைகளுக்கே காட்டிவிடலாம், வேலை போனால் மயிரே போச்சு என்று முடிவு கட்டினாள். பேனா பிடித்துத் தானே வரையும் பிளாட்டரில் தாளைச் செருகினாள். மாடலைத் திறந்தாள்.

கரண்ட் போனது. விசிறி தேய்ந்து நின்றது. பேட்டரியில் ஓடும் கம்ப்யூட்டர் மட்டும் ஒற்றைக் கொசு மாதிரி ரீங்காரமிட்டது. தெருவில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. வெயில் எல்லா ஓசையையும் உறிஞ்சிக் குடித்துவிட்டாற்போல இருந்தது. அந்த வெறுமைக்குள் சேற்று வாசனை மட்டும் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு, முழங்காலிலிருந்து இடுப்புக்கு, தண்ணீர் ஏறுவது போல ஏறியது.

வட்டம் இருந்தது.

முழுக்கோடு.

முழுக்கோடு என்றால் ஊகமில்லை. கேள்விப்பட்டதும் இல்லை. ஓர் ஆள் அங்கே இறங்கி நின்று, டேப் பிடித்து, அளந்தது.

க்ரீச்.

பிளாட்டரின் பேனா நகர்ந்தது. அதற்குக் கரண்டே கிடையாது. பேட்டரி இணைப்பும் கிடையாது. நிதானமாக, ஒரே இழுப்பில், வட்டத்தை வரைந்தது. வட்டத்துக்குள் ஒரு நீள்கட்டம். பக்கத்தில் இன்னொன்று. பாய் அளவு. பாய்க்குப் பாய் இடம் விட்டு, நெருக்கமாக.

எட்டு.

பேனா மேலே எழும்பி நின்றது. பிறகு ஓரத்துக்குப் போய் ஒரே ஒரு எழுத்தைப் போட்டது. அளந்தவரின் முதலெழுத்து.

மு.

மாயக்காள் படியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. சைக்கிள். வெயில். தார் உருகி டயரைப் பிடித்து இழுத்தது. இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசல். சீமைக்கருவேல் நிழல் ஒன்றுகூட அசையவில்லை. வாய் தங்கையின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது.

ஹாஸ்டல் நின்றுகொண்டிருந்தது. சுவர் நேராக. ஒரு விரிசல் இல்லை. படத்தில் இருந்ததைப் போலவே அழகாக.

வாசலில் கஸ்தூரி வார்டன் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "மெதுவாப் போம்மா. புள்ளைக அசந்து தூங்குதுக. இன்னைக்கு மூச்சுச் சத்தம் வாசல் வரைக்கும் கேக்குது பாரு."

கேட்டது. நடை நெடுகக் கேட்டது. எட்டுப் பேரின் சீரான மூச்சு.

மூலை அறையின் வாசலில் எட்டு ஜோடிச் செருப்பு. கதவைத் தள்ளினாள்.

எட்டுப் பாய். எட்டுப் போர்வை. ஒவ்வொரு போர்வையும் ஓர் ஆள் படுத்த வடிவில் மேடாக. முருகேஸ்வரியின் நீலப் போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

பஞ்சு.

கறுத்து, ஈரமாக, மனித உருவத்தில்.

மூச்சு இன்னும் கேட்டது. பாதத்துக்குக் கீழே. வழவழவென்று பூசிய, ஒரு கீறல் இல்லாத சிமெண்ட் தரைக்குக் கீழே.

ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த பழைய மஞ்சள் டேப் விறைப்பாக நின்றது. அதில் துணி ஏதும் இல்லை. ஜன்னலிலிருந்து சரிந்து மூலைக்கு வந்தது. மூலையில் தரைக்குள் இறங்கியது. ஓட்டை இல்லை. சிமெண்டுக்குள், தண்ணீருக்குள் இறங்குவது போல. எங்கோ கீழே ஓர் உருளை சுற்றியது. ஜன்னலில் முடிச்சு தானாக அவிழ்ந்தது. டேப் ஓர் அடி இறங்கியது. இன்னோர் அடி.

நுனி அவள் காலருகே வந்து நின்றது. காத்திருந்தது.

தரைக்கடியிலிருந்து, தூக்கக் கலக்கத்தில், சந்தோஷமாக, அந்தப் பழைய குரல்.

"பிடிச்சுட்டேன்க்கா. இழு."